அம்பலத்தில் காந்தம் இல்லை

“நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.” இந்த வாக்கியத்தோடு முடியும் செய்தி தினம் ஒன்றாவது கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. கோயில் மணியோசை மூளையின் இரு பக்கங்களையும் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. கருவறைக்கு அடியில் புதைத்த செப்புத் தகடு பூமியின் சக்தியை இழுத்துத் தருகிறது. தோப்புக்கரணம் போட்டால் ஞாபகசக்தி பெருகும். மார்கழி விடியலில் ஓசோன் இறங்கி வருவதால்தான் அந்த நேரத்தில் கோலம் போடச் சொன்னார்கள். பட்டிமன்ற மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். காலை நேரத் தொலைக்காட்சியில் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்து இதையே சொல்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கையே இருக்கிறது. நம் சடங்குகள் ஒவ்வொன்றிலும் ஓர் அறிவியல் உண்மை பொதிந்திருக்கிறது. பாமர மக்களுக்கு நேரடியாகச் சொன்னால் விளங்காது என்பதால் பெரியவர்கள் அதைச் சாமி பெயரைச் சொல்லிச் செய்ய வைத்தார்கள். காலப்போக்கில் உட்பொருளை மறந்து வெறும் சடங்கை மட்டும் பிடித்துக்கொண்டோம். இப்போது அறிவியல் அந்த உட்பொருளை மீட்டுத் தருகிறது. படித்தவர்கள், பக்தி உள்ளவர்கள், பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் என்று பெரும்பாலோர் இன்று நம்புவது இதைத்தான்.

உட்பொருளை மறந்துவிட்டோம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் இந்தப் பேச்சுதான் அந்த மறதியின் முற்றிய நிலை என்று நினைக்கிறேன். கோயிலுக்குப் போகாதவர்களால் சமயத்துக்கு வந்த சேதத்தைவிட, கோயிலுக்கு இப்படிக் காரணம் சொல்கிறவர்களால் வந்த சேதம் பெரிது.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த வகைச் செய்திகள் மிக அதிகமாகச் சுற்றுவது அந்தத் தலத்தைப் பற்றித்தான். நடராஜப் பெருமானின் கால் பெருவிரல் இருக்கும் இடமே பூமியின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி என்றும், மேல்நாட்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்கிறார்கள். எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எந்த ஆய்விதழ் என்று யாரும் கேட்பதில்லை. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி வளைந்து ஓடும் ஒரு கோடு. சுற்றி வரும் கோட்டுக்குத் தரையில் ஒரு மையப்புள்ளி இருக்க முடியாது. அந்தக் கோடும் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆண்டுக்காண்டு மெல்ல நகர்கிறது. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டியே செல்கிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி நம் மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்த காரணம், அந்த ஊர் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது என்பதுதான். சிதம்பரம் தும்பாவுக்கு ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே இருக்கிறது.

இதே செய்தியில் இன்னொன்றும் வரும். காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருக்கின்றன என்பார்கள். இது ஏறக்குறைய உண்மைதான். மூன்றும் 79 பாகை 41, 42 கலை அளவில் இருக்கின்றன. ஆனால் ஐம்பூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை அந்தக் கோட்டிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கிறது. திருவானைக்கா 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நெருப்பையும் நீரையும் விட்டுவிட்டுக் காற்றையும் மண்ணையும் வானையும் மட்டும் எண்ணுகிற கணக்கு இது. அண்ணாமலையாரின் பெருமை எந்தக் கோட்டையும் நம்பி இல்லை என்பது கிரிவலம் போகிற பாட்டிக்குத் தெரியும்.

இவையெல்லாம் பொய் என்று காட்டுவது எனக்கு முக்கியமில்லை. மெய்யாகவே இருந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலுக்கு அடியில் காந்தத்தின் மையமே இருக்கிறது. அதனால் அந்தச் சந்நிதியில் நிற்கும் ஒருவனுக்கு என்ன தெரிந்துவிட்டது? தூக்கிய கால் ஏன் தூக்கியிருக்கிறது என்று தெரிந்ததா? காலடியில் கிடக்கும் முயலகன் யார் என்று தெரிந்ததா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். சிதம்பரம் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவதிகை. அந்த ஊர் மனவாசகங் கடந்தார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நூல் ‘உண்மை விளக்கம்’. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. மாணவர் கேட்கிறார், ஆசிரியர் மெய்கண்டார் விடை சொல்கிறார். இதுதான் அமைப்பு. ஐம்பது சொச்சம் வெண்பாக்கள். ஐந்தெழுத்து என்றால் என்ன, ஆன்மா என்றால் என்ன, இறைவன் ஏன் ஆடுகிறான் என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்கும் அளவுக்கு நேரடியான கேள்விகள்.

அந்நூல் சொல்வதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நடராஜர் திருமேனிக்கு முன்னால் நின்று பாருங்கள். உடுக்கை ஏந்திய கையில் படைப்பு. அஞ்சேல் என்று அமைத்த கையில் காப்பு. நெருப்பு ஏந்திய கையில் ஒடுக்கம். ஊன்றிய காலில் மறைத்தல். தூக்கிய காலில் அருள். இந்த ஐந்தில் படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் யாருக்கும் எளிதில் விளங்கும். நான்காவதுதான் தமிழ்ச் சைவம் எட்டிய உயரம். இறைவன் தன்னை உயிரிடமிருந்து மறைத்துக்கொள்கிறான்; அந்த மறைப்பும் அவன் திருவடிதான். ஒரு மனிதன் பிழைப்பிலும் ஆசையிலும் கோபத்திலும் உழன்று கடவுளே இல்லை என்று சொல்லித் திரியும் காலத்திலும் அவன் மேல் ஊன்றியிருப்பது இறைவனின் கால். உயிர் பக்குவப்படும்வரை உலக அனுபவம் தேவைப்படுகிறது; அதற்காக மறைப்பு. பக்குவம் வந்ததும் அதே இறைவனின் இன்னொரு கால் தூக்கப்படுகிறது. நான்காவது கை, யானையின் துதிக்கையைப் போல் மார்புக்குக் குறுக்கே நீண்டு, விரல்களால் அந்தத் தூக்கிய காலைச் சுட்டிக்காட்டுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று பெருமானே சொல்லிக் கொடுக்கிறான்.

முயலகனையும் உற்றுப் பாருங்கள். நல்ல சோழர் காலத்துச் செப்புத் திருமேனியில் அவன் செத்துக் கிடப்பதில்லை. கையில் பாம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி மேலே பார்ப்பான். அவன் குறிப்பது ஆணவ மலத்தை. அது உயிரோடு என்றும் உள்ளது, அழிவதில்லை, அதன் ஆற்றல் மட்டும் அடங்குகிறது என்ற சித்தாந்தத்தை அந்த ஸ்தபதி வெண்கலத்தில் வார்த்திருக்கிறார். ஞானம் வந்துவிட்டது என்று நினைக்கிற மனிதனுக்கு உள்ளேயும் ஆணவம் உயிரோடு தலை தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒருவன் யோசித்துத் தீராத செய்தி இது. இதை விட்டுவிட்டு விரலுக்கு அடியில் காந்தம் தேடச் சொல்கிறார்கள்.

“ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்திலேயே நடராஜர் சிலை வைத்திருக்கிறார்களே, விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்களே” என்பது அடுத்த வாதம். அந்தச் சிலை 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே திறந்து வைக்கப்பட்டது. இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு அது. 1960களிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தோடு நம் நாட்டுக்கு இருந்த உறவின் அடையாளமாகக் கொடுத்தார்கள். நாம் கொடுத்த பரிசை அவர்கள் வாசலில் வைத்ததையே அவர்கள் தந்த சான்றிதழாக எண்ணிக்கொள்கிறோம்.

நடராஜரின் ஆட்டத்தை மேலைநாட்டுப் படிப்பாளிகளுக்கு விளக்கிச் சொன்னவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர். 1918இல் வெளிவந்த அவருடைய ‘சிவநடனம்’ என்ற கட்டுரைத் தொகுதியைப் படித்த பிறகுதான் உலகம் அந்தத் திருமேனியின் பொருளைப் பேசத் தொடங்கியது. அணுத்துகள்களின் ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டு 1975இல் புத்தகம் எழுதிய இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ராவும் அந்த வழியில் வந்தவரே. குமாரசாமி எந்த நூல்களை வைத்துக்கொண்டு விளக்கினார்? உண்மை விளக்கம், திருமந்திரம் போன்ற தமிழ் நூல்களைத்தான் எடுத்துக் காட்டினார். திருவதிகையில் புறப்பட்ட விளக்கம் கொழும்பு வழியாகவும் லண்டன் வழியாகவும் சுற்றி ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துப் பூரித்துப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் மனவாசகங் கடந்தார் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? இதைத்தான் இழப்பு என்கிறேன். ஊரான் ஒப்புக்கொண்டால்தான் நம் சாமிக்கு மதிப்பு என்று ஆகிவிட்ட மனநிலை எனக்குப் பெரிய வருத்தம் தருகிறது.

சிதம்பரத்துச் சிற்சபையில் நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. அதை விலக்கி ஆரத்தி காட்டுவார்கள். உள்ளே பொன்னாலான வில்வ மாலைகள் தொங்கும். வேறு எந்த உருவமும் இராது. வெட்டவெளியையே கடவுளாக வணங்கச் சொல்லும் இடம் அது. சில நொடிகளில் திரை மூடிவிடும். பார்த்துவிட்டு நகர்கிறவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். “உள்ளே ஒண்ணுமே இல்லையே” என்று ஒரு குழந்தை கேட்கும். “அங்கதான் பவர் இருக்கு, வைப்ரேஷன் வரும்” என்று அப்பா சொல்வார். குழந்தை சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டது. உருவமாக ஆடுகிறவனும் அருவமாக நிறைந்திருப்பவனும் ஒருவனே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் அவன் இருக்கிறான் என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறந்திருக்காது. அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லித் தரவில்லை. கைப்பேசி சொல்லித் தந்ததை அவர் சொன்னார்.

மற்ற செய்திகளை நீட்ட விரும்பவில்லை. ஓசோன் படலம் தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழிக்காக அது இறங்கி வருவதில்லை. தரைமட்டத்தில் உருவாகும் ஓசோன் நுரையீரலைக் கெடுக்கும் நச்சு, அதுவும் வெயிலில் உருவாவது. கோபுரக் கலசம் இடிதாங்கி என்கிறார்கள். இடிதாங்கி வேலை செய்ய மின்னலைத் தரைக்குக் கொண்டுபோகும் உலோகக் கம்பி வேண்டும். செங்கல்லும் சுதையுமான கோபுரத்தின் உச்சியில் நிற்கும் கலசத்துக்கு அப்படி ஒரு கம்பியைப் பழைய கோயில்களில் யாரும் இணைக்கவில்லை. மின்னல் விழுந்து கோபுரச் சுதை உடைந்த செய்தியும் அவ்வப்போது வருகிறது. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழுந்துவிடும்.

திருநள்ளாறு என்று சொல்லும்போது நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலின் மூலவர் தர்ப்பாரண்யேசுவரர். ஞானசம்பந்தர் பாடிய தலம். மதுரையில் சமணரோடு நடந்த அனல் வாதத்தில் அவர் தீயில் இட்டதும் பச்சையாகவே இருந்ததும் இத்தலத்துப் பதிகம்தான் என்கிறது பெரியபுராணம். தியாகராஜர் எழுந்தருளிய ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. இவ்வளவும் இருக்க, சனிப் பெயர்ச்சிக்கு வரும் லட்சக்கணக்கான மக்களின் கண் சனீசுவரர் சந்நிதியில் மட்டுமே இருக்கிறது. நளதீர்த்தத்தில் மூழ்கி, உடுத்த துணியைக் கரையில் அவிழ்த்துப் போட்டுவிட்டு, எள் விளக்கு ஏற்றி, அடுத்த தலத்துக்கு வண்டி ஏறுகிறார்கள். நளன் கதையின் பொருள் என்ன? நாட்டை இழந்து, மனைவியைப் பிரிந்து, உருவம் மாறி, எல்லாம் போன ஒருவன் சிவன் சந்நிதிக்கு வந்தபோது சனி அவனை விட்டு விலகினான் என்பது. கிரகத்தைக் கடந்து இறைவனிடம் போ என்று சொல்லும் கதையை, கிரகத்துக்குக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடாக மாற்றிவிட்டோம். செயற்கைக்கோள் நின்ற கதை இந்த மாற்றத்துக்கு அறிவியல் முத்திரை குத்துகிறது. அறிவியல் காரணம் சொல்லும் பேச்சும் பரிகாரத் தலங்களின் வியாபாரமும் வேறு வேறு போலத் தோன்றும். இரண்டும் கேட்கும் கேள்வி ஒன்றே: இதைச் செய்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

கோயிலைக் கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்கள் என்று யூகிக்க வேண்டியதில்லை. அவர்களே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததை ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று நாள் கணக்கோடு பொறித்து வைத்தான். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் என்பது சோழர் கால வழக்கம். இடையர் அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சூரிய சந்திரர் உள்ளவரை எரிய வேண்டும் என்று எழுதினார்கள். உழக்கு நெய்க்குக் கணக்கு எழுதியவர்கள் இடிதாங்கியையும் ஓசோனையும் மறைத்து வைக்க வேண்டிய தேவை என்ன? மறைத்தார்கள் என்பதற்கு ஒரு கல்வெட்டாவது உண்டா?

விளக்கு ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் பெரியபுராணத்துக்குப் போக வேண்டும். கணம்புல்லர் தில்லையில் விளக்கெரித்தவர். செல்வம் எல்லாம் தீர்ந்த பிறகு கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கினார். ஒருநாள் புல் விற்கவில்லை. புல்லையே திரித்து விளக்காக எரித்தார். குறித்த நேரம் முடியும்வரை எரிக்கப் புல் போதவில்லை. தம் தலைமுடியை விளக்கில் வைத்து எரித்தார். கலியநாயனார் எண்ணெய்க்குப் பதில் தம் குருதியை நிரப்பக் கழுத்தை அரியப் போனார். இந்த வரலாறுகளைக் கேட்டு நடுங்காதவர் இருக்க முடியாது. அளவு கடந்த அன்பு இது, நம்மால் முடியுமா என்று கேட்கத் தோன்றும். அந்த நடுக்கம்தான் சமயத்தின் வாசல். நெய் விளக்கு காற்றைச் சுத்தப்படுத்துகிறது என்று சொல்லித் தரப்பட்ட பிள்ளைக்குக் கணம்புல்லர் ஒரு புத்தி பேதலித்த மனிதராகத்தான் தெரிவார். அந்தப் பிள்ளைக்கு அறுபத்துமூவரில் ஒருவர்கூட விளங்கமாட்டார். கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பருக்கு அதனால் என்ன உடல்நலம் கிடைத்தது?

கண்ணப்பரைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. உட்பொருள் என்று நான் சொல்வதைப் புத்தகப் படிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகமம் ஓதிய சிவகோசரியாரைவிட ஆகமமே அறியாத வேடரை உயர்த்திப் பிடித்த சமயம் இது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஒருத்தி பலிபீடத்தருகே விழுந்து கும்பிட்டு, நந்தியின் காதருகே எதையோ முணுமுணுத்துவிட்டு, கருவறைக்கு நேரே நின்று கண்ணீர் விடுகிறாள். பலிபீடம் பாசம் எனும் தளை, நந்தி பசு எனும் உயிர், உள்ளே இருப்பது பதி எனும் இறைவன் என்ற பாடம் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவள் அந்த மூன்றையும் வரிசையாகக் கடந்து போகிறாள். சுமையைக் கீழே போட்டுவிட்டு, தன்னை ஒப்படைத்துவிட்டு நிற்கிறாள். சரியை என்றார்கள் இதை. கோயிலைக் கூட்டி மெழுகுவதும் உழவாரம் பிடித்துப் புல் செதுக்குவதும் அதில் அடக்கம். நாவுக்கரசர் அதைத்தான் செய்தார். அந்தக் கிழவியின் பேரன் பொறியியல் படித்துவிட்டு வந்து, “பாட்டி, கொடிமரத்தில் காஸ்மிக் எனர்ஜி இருக்கு” என்கிறான். அவளிடம் இருந்தது அவனுக்கு வரவில்லை. அவனுக்கு வந்ததை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

எதிர்த்தரப்பில் நியாயமான குரல் ஒன்று உண்டு. “இளைஞர்களுக்கு அறிவியல் மொழியில் சொன்னால்தான் ஏறும். இதைச் சொல்லியாவது கோயிலுக்குள் வரவழைக்கிறோம். தவறு என்ன?” இதைச் சொல்கிறவர்களின் கவலை உண்மையானது. ஆனால் வழி தவறு. ஆதாயம் சொல்லி அழைத்து வந்தவன் அதே ஆதாயம் வேறிடத்தில் குறைந்த சிரமத்தில் கிடைத்தால் அங்கே போய்விடுவான். தோப்புக்கரணம் மூளைக்கு உடற்பயிற்சி என்றால் பிள்ளையார் எதற்கு? அது இன்று ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்ற பெயரில் பிள்ளையார் இல்லாமலேயே விற்பனையாகிறது. ஏகாதசி பட்டினி குடலுக்கு ஓய்வு என்றால் பெருமாளை நினைக்க வேண்டியதில்லை. டயட் அட்டவணை போதும். ஒவ்வொரு காரணமும் கடவுளைச் சடங்கிலிருந்து ஓரடி வெளியே தள்ளுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த இளைஞன் ஒருநாள் இயற்பியல் புத்தகத்தைத் திறப்பான். காந்த மையம் பொய் என்று கண்டுகொள்வான். அன்றைக்கு அவன் காந்த மையத்தோடு நடராஜரையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவான். அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று சொல்கிறவர்கள் முன்னோர்களைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். உண்மை தெரிந்தும் அதை மக்களிடம் மறைத்து, சாமி கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்திக் காரியம் சாதித்தவர்கள் என்கிறார்கள். அப்பரும் ஆண்டாளும் நம்மாழ்வாரும் உருகி உருகிப் பாடியது ஒரு சுகாதாரத் திட்டத்தின் விளம்பரத்துக்காக என்று ஆகிறது. இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது.

நம்மவர்களிடம் மெய்யான அறிவியல் இருந்தது. அது தன் பெயரிலேயே இருந்தது. புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கிக்கொண்டு, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் 1825இல் சென்னையில் வெளியான தம் நூலில் வியந்து பதிவு செய்திருக்கிறார். எழுத்தில் ஒரு கணக்கும் போடவில்லை. பிழை சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். மெழுகில் உருச் செய்து மண் பூசி வெண்கலம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளின் உலோக அறிவும் அப்படித்தான். இவற்றைப் படிக்க உழைப்பு வேண்டும். கைப்பேசிச் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிட உழைப்பு வேண்டாம். அதனால் மெய்யான அறிவியலும் தொலைகிறது, மெய்யான சமயமும் தொலைகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் நம் சமயத்தைக் கேலி செய்து துண்டறிக்கைகள் அச்சடித்தபோது ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? விபூதி கிருமிநாசினி என்று பதில் துண்டறிக்கை அடிக்கவில்லை. 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864இல் சிதம்பரத்தில் இன்னொன்று. பாலபாடம் எழுதினார். சைவ வினாவிடை எழுதினார். விபூதி என்றால் என்ன, சிவலிங்கம் என்றால் என்ன, ஆலயத்துக்கு எப்படிப் போய் வர வேண்டும் என்று கேள்வியும் பதிலுமாகச் சிறுவர்களுக்கு எழுதி அச்சிட்டுக் கொடுத்தார். ஆகம விதியை மீறிய கோயில்காரர்களையும் தயவு பார்க்காமல் கண்டித்தார். சொல்லித் தருவதுதான் அவர் கண்ட ஒரே மருந்து. அவருடைய நூல்களைப் படித்து ஒரு தலைமுறையே நிமிர்ந்தது.

மார்கழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓசோனுக்காக எழுந்து கோலம் போடும் மாதமாக அதை ஆக்கிவிட்டார்கள். திருப்பாவை முப்பது பாட்டையும் வரிசையாக ஒருமுறை பொருளோடு படித்துப் பாருங்கள். நோன்பு மழைக்காகத் தொடங்குகிறது. மாதம் மூன்று மழை பெய்ய வேண்டும், நெல் விளைய வேண்டும், பசுக்கள் பால் சுரக்க வேண்டும். பலன் கேட்பதில் ஆண்டாளுக்கு வெட்கம் இல்லை. நாமும் பலன் கேட்டுத்தான் போகிறோம், அதில் குற்றமும் இல்லை. ஆனால் இருபத்தொன்பதாம் பாட்டுக்கு வரும்போது நோன்பிருக்கும் பெண்கள் அதுவரை நோன்பின் பலனாகக் கேட்ட பறையையே வேண்டாம் என்கிறார்கள். எத்தனை பிறவி எடுத்தாலும் உனக்கே ஆட்பட்டிருக்க வேண்டும், வேறு விருப்பம் எழுந்தால் அதையும் நீயே மாற்றிவிடு என்கிறார்கள். பலனில் தொடங்கிப் பலனை உதறுவது வரை இருபத்தெட்டுப் பாட்டு நடக்க வேண்டியிருக்கிறது. இன்றைய பேச்சு நம்மை முதல் படியிலேயே உட்கார வைத்து, இதுதான் உச்சி என்கிறது.

தேவாரம் பாட ஓதுவார் இருக்கும் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. தீபாராதனை முடிந்து அவர் பதிகம் பாடத் தொடங்கும்போது கூட்டம் திருநீற்றுக்கு முட்டி மோதுகிறது. அவர் பாடி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. வருகிற மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போகிறவர்கள் உண்மை விளக்கத்தை உரையோடு ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். விலை குறைந்த பதிப்புகள் கிடைக்கின்றன. கூட வரும் பிள்ளை தூக்கிய காலைக் காட்டி ஏன் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை காந்த மையச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.